எஞ்சினைக் கவிழ்த்துப் பாருங்கள்

பிரிட்டனில் பழைய பொம்மை ரயில் எது கண்ணில் பட்டாலும் அதற்கு ஒரே பெயர்தான்: ஹார்ன்பி. சாரிட்டி கடை அலமாரியிலும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தையிலும் இணைய ஏலத்திலும் அந்த ஒரு பெயரைத்தான் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் அதில் ட்ரையாங் இருக்கும், லிமா இருக்கும், மெயின்லைன் இருக்கும், ரென் இருக்கும். யாரோ ஒருவர் பல மாலைகள் உட்கார்ந்து தன் கையால் பற்றவைத்துச் செய்த எஞ்சினும் இருக்கும்.

இங்கே குடிவந்த பிறகு இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய நம்மவர்கள் சிலர் என்னிடம் படம் அனுப்பிக் கேட்பதுண்டு, இது யார் செய்தது என்று. எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பெட்டியை நம்பாதீர்கள், பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரையும் நம்பாதீர்கள், எஞ்சினைக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் ஜாதகம் அடிவயிற்றில்தான் இருக்கிறது.

யார் செய்தால் என்ன?

ஓடினால் போதாதா, செய்தவர் பெயர் எதற்கு என்று கேட்கலாம். ஓட்டுவதற்கே அது தெரிந்தாக வேண்டும்.

லிவர்பூலின் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் மெக்கானோ நிறுவனம் 1938-ல் ஹார்ன்பி டப்லோவைக் கொண்டுவந்தது. அதன் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள். நடுக்கம்பியில் மின்சாரம் வரும், இரண்டு ஓரக்கம்பிகள் வழியாகத் திரும்பிப் போகும். அதனால் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே மின்காப்பு தேவைப்படவில்லை. அந்த எஞ்சினை இன்றைய இரு கம்பித் தண்டவாளத்தில் வைத்தால் சக்கரமும் அச்சும் சேர்ந்து இரண்டு கம்பிகளையும் இணைத்துவிடும். உடனே ஷார்ட் சர்க்யூட்தான்.

1935-ல் வந்த ட்ரிக்ஸ் ட்வின் இன்னொரு வகை. அதிலும் மூன்று கம்பிகள்தான், ஆனால் ஓடியது மாறுதிசை மின்சாரத்தில், 14 வோல்ட்டில். இரண்டு ஓரக்கம்பிகளையும் தனித்தனியாகக் காப்பிட்டிருந்ததால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்களைத் தனித்தனியாக ஓட்டலாம். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஜெர்மனியின் மார்க்லின் எஞ்சின்களும் மாறுதிசை மின்சாரத்தில் வளர்ந்தவைதான். அவற்றின் வயிற்றில் நீளமான ஒரு சறுக்குத் தகடு இருக்கும். மார்க்லின் மின்மாற்றியில் ட்ரையாங் எஞ்சினை மாட்டினால் அது ஓடாது. உறுமும், சூடாகும், அப்படியே விட்டால் கருகும்.

உதிரிபாகம் அடுத்த காரணம். கார்பன் பிரஷ், பல்சக்கரம், வீல் செட் எல்லாம் செய்தவரைப் பொறுத்தே கிடைக்கும். விலை கடைசிக் காரணம். வாங்குபவரும் விற்பவரும் ஏமாறாமல் இருக்கப் பெயர் சரியாகத் தெரிய வேண்டும்.

முதலில் ஸ்கேலை எடுங்கள்

பிரிட்டனில் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஓஓ அளவு: அசலில் ஓர் அடி, மாடலில் 4 மில்லிமீட்டர். கணக்குப்படி 1:76. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எச்ஓ: ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர், 1:87. வினோதம் என்னவென்றால் இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான். பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிடக் குறுகலானவை. அந்தக் காலத்து மோட்டார் அவ்வளவு சின்ன உடலுக்குள் அடங்கவில்லை. தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள். அன்று செய்த சமரசம் இன்றுவரை நிலைத்துவிட்டது.

இது அடையாளம் காண உதவும். பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளாஸ் 33 டீசல் எஞ்சின் அசலில் 50 அடி 9 அங்குலம். ஓஓ என்றால் மாடல் 203 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், எச்ஓ என்றால் ஏறக்குறைய 178. இத்தாலியின் விசென்சாவில் இருந்த லிமா நிறுவனம் பிரிட்டிஷ் சந்தைக்கு வந்த புதிதில் எச்ஓவில்தான் செய்தது, ஓஓவுக்கு மாறியது பிறகுதான். ஆகவே லிமா கிளாஸ் 33 இரண்டு அளவிலும் கிடைக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஸ்கேல் வைத்தால் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம். கார்கி கார்கள் செய்த மெட்டாய் நிறுவனம் 1960களில் ப்ளேகிராஃப்ட் என்ற பெயரில் விற்ற ரயில்களும் எச்ஓதான். அவற்றைச் செய்தது பிரான்சின் ஜுவேஃப். பிரிட்டனில் ட்ரிக்ஸ் செய்த சில எஞ்சின்கள் இரண்டுக்கும் நடுவில், அடிக்கு 3.8 மில்லிமீட்டர். அசல் எஞ்சினின் நீளத்தைத் தேடி எடுத்து வகுத்துப் பாருங்கள். பாதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து அப்போதே விழுந்துவிடும்.

இப்போது கவிழ்க்கலாம்

மேஜையில் மெத்தென்ற துணி விரித்து, எஞ்சினை மல்லாத்திப் படுக்க வையுங்கள். நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மல்டிமீட்டர் போதும்.

முதலில் மின்சாரம் எடுக்கும் வழி. சக்கரங்களுக்கு நடுவே ஸ்ப்ரிங் வைத்த உலோகத் தகடு தொங்கினால் மூன்று கம்பி எஞ்சின். தகடு இல்லையென்றாலும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள், யாராவது கழற்றியிருக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை இடது சக்கரத்திலும் மறு முனையை அதே அச்சின் வலது சக்கரத்திலும் வையுங்கள். எல்லா அச்சிலும் பீப் சத்தம் வந்தால் காப்பில்லாத சக்கரம். பிறவியில் அது மூன்று கம்பிதான்.

அடுத்து கப்ளிங். போருக்குப் பிந்தைய டப்லோவில் இருப்பது பீகோ நிறுவனம் காப்புரிமை பெற்ற மெலிந்த உலோகக் கொக்கி. குறுக்குக் கம்பியும் அதன் மேல் விழும் கொக்கியுமாக அகலமாக, முரட்டுத்தனமாக இருந்தால் ட்ரையாங் வழி வந்தது. டென்ஷன் லாக் என்று சொல்வார்கள். பிறகு மற்றவர்களும் இதையே எடுத்துக்கொண்டார்கள், ஆனால் சிறிதாக்கி, குறுக்கி. கப்ளிங்கைச் செருகிக் கழற்றும்படி என்இஎம் என்ற சிறு பெட்டி இருந்தால் அது புதிய காலத்து எஞ்சின், பழைய பெட்டியில் வைத்து விற்றாலும் புதியதுதான்.

மூன்றாவது மோட்டார். பாய்லருக்குள் மேலே ஒரு காந்தக் கட்டை, திறந்த சட்டம், பிரஷ்களை அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய கம்பி ஸ்ப்ரிங்: இது ட்ரையாங்கின் எக்ஸ்.04. ஒரு துளி எண்ணெய் விட்டால் இன்றைக்கும் எழுந்து ஓடும் மோட்டார் அது. தட்டையாக, வட்டமாக அப்பம் போல இருந்தால் லிமா, ஏர்ஃபிக்ஸ், மெயின்லைன், அல்லது 1970களுக்குப் பிந்தைய ஹார்ன்பி என்று போகலாம். நடுச்சட்டமே இடம் வலமாக இரண்டு உலோகத் துண்டாகப் பிளந்து, நடுவில் பிளாஸ்டிக் வைத்து, அச்சு வழியாகவே மின்சாரம் வந்தால் மெயின்லைன் அல்லது தொடக்ககால பாக்மேன். இந்தப் பிளவுச் சட்ட எஞ்சினில் அரை அச்சுகளை இணைக்கும் பிளாஸ்டிக் குழல்களைத் தவறாமல் பாருங்கள். அவை காலப்போக்கில் வெடிக்கும். வெடித்தால் ஒரு பக்கச் சக்கரம் முன்பின்னாக நழுவி, எஞ்சின் நொண்டும்.

கடைசியாகத்தான் எழுத்து. அடித்தட்டு, டெண்டர் என்னும் நிலக்கரி வண்டியின் அடி, பாடியின் உள்கூரை என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சினால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்.

ஒரு 8எஃப்-இன் கதை

லெஸ்டரில் இருக்கும் தம்பி ஒருவர் கறுப்பு நிற, 2-8-0 சக்கர அமைப்புள்ள எஞ்சின் ஒன்றை வாங்கிவிட்டுப் போன் செய்தார். ஸ்டேனியர் வடிவமைத்த 8எஃப் சரக்கு எஞ்சினின் மாடல்.

"அண்ணே, 48073-னு நம்பர் இருக்கு. ஹார்ன்பிதானே?"

"நம்பர் இருக்கட்டும் தம்பி. கையில தூக்கினா கனமா இருக்கா?"

"நல்ல கனம்ணே. உலோகம்தான், சில்லுனு இருக்கு."

"மோட்டார் எஞ்சின்ல இருக்கா, டெண்டர்லயா?"

"எஞ்சின்ல. டெண்டர்ல ஒண்ணும் இல்ல."

"டெண்டர் சக்கரத்துல ரப்பர் வளையம்?"

"இல்லண்ணே."

அதோடு ஒரு பெயர் விலகியது. 1980களில் ஹார்ன்பி ரயில்வேஸ் செய்த 8எஃப் பிளாஸ்டிக். மோட்டார் டெண்டரில் இருக்கும், பிடிமானத்துக்காக டெண்டர் சக்கரங்களில் ரப்பர் வளையம் இருக்கும். தம்பியிடம் இருந்தது அது இல்லை. உலோக வார்ப்பு, எஞ்சினிலேயே மோட்டார் என்றால் மிச்சம் இரண்டு பெயர்கள்: ஹார்ன்பி டப்லோ, அல்லது ரென்.

இங்கேதான் அந்த 48073 பேசத் தொடங்கும். டப்லோ 1959-ல் இரு கம்பி முறைக்கும் வந்தபோது இரண்டு வகையையும் பிரித்துக்காட்ட ஓர் ஒழுங்கு வைத்தார்கள். இரு கம்பி என்றால் பட்டியல் எண் 2-இல் தொடங்கும், மூன்று கம்பி என்றால் 3-இல். இரு கம்பி 8எஃப் 2224, அதன் மேல் 48073. மூன்று கம்பி 8எஃப் 3224, அதன் மேல் 48094. மற்ற எஞ்சின்களும் இப்படித்தான். கோல்டன் ஃப்ளீஸ் இரு கம்பி, மல்லார்ட் மூன்று கம்பி. சிட்டி ஆஃப் லண்டன் இரு கம்பி, சிட்டி ஆஃப் லிவர்பூல் மூன்று கம்பி. பார்ன்ஸ்டேபிள் இரு கம்பி, டார்செஸ்டர் மூன்று கம்பி. பெயர்ப்பலகையைப் படித்தே எந்தத் தண்டவாளத்துக்குப் பிறந்தது என்று சொல்லிவிடலாம், பிறகு யாரும் கை வைக்காமல் இருந்தால்.

டப்லோ எஞ்சின்களின் வார்ப்பு அச்சுகள் 1960களின் நடுவில் ஜி அண்ட் ஆர் ரென் நிறுவனத்துக்குப் போயின. எசெக்ஸின் பேசில்டனில் ரென் அதே 8எஃப்பை வார்த்தது, அதே 48073 எண்ணைப் போட்டது, பட்டியலில் டபிள்யூ2224 என்று பழைய எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தை மட்டும் சேர்த்தது. ஆகவே எண்ணை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. பெட்டியை வைத்தும் முடியாது. ரென்னுக்குச் சேகரிப்பாளர்களிடம் மவுசு அதிகம், காலிப்பெட்டியே தனியாக விலைபோகிறது, அதற்குள் எந்த எஞ்சினையும் வைத்து விற்கலாம். வார்ப்பில் இருக்கும் எழுத்துதான் சாட்சி. தம்பி பாடியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பினார். மெக்கானோ லிமிடெட் என்ற எழுத்து தெளிவாக இருந்தது. பின்ஸ் ரோடு எஞ்சின்.

அச்சு கைமாறும், எஞ்சின் ஊர் மாறும்

இந்த 8எஃப் விதிவிலக்கு இல்லை. பிரிட்டிஷ் மாடல் ரயில் வரலாறே அச்சு கைமாறிய வரலாறுதான். அதில் பெரிய குழப்பம் ஹார்ன்பி என்ற பெயரிலேயே இருக்கிறது.

ட்ரையாங்கின் தொடக்கம் ரோவெக்ஸ் என்ற சின்ன நிறுவனம். 1950-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காக பிரின்சஸ் எலிசபெத் என்ற பிளாஸ்டிக் எஞ்சினோடு ஒரு ரயில் செட் செய்தார்கள். லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மை நிறுவனம் அதை வாங்கி ட்ரையாங் ரயில்வேஸ் ஆக்கியது, 1954-ல் மார்கேட்டில் தொழிற்சாலை வந்தது. டப்லோவின் கனமான உலோக எஞ்சின்கள் விலை கூடுதல், ட்ரையாங்கின் பிளாஸ்டிக் எஞ்சின்கள் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும் விலை. 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவையே வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு பெட்டிகளில் ட்ரையாங் ஹார்ன்பி என்ற பெயர். 1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் சரிந்தது. 1972 முதல் மார்கேட் தொழிற்சாலை ஹார்ன்பி ரயில்வேஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. அதாவது இன்றைய ஹார்ன்பிக்குப் பெயர் வந்தது லிவர்பூலிலிருந்து, ரத்தம் வந்தது மார்கேட்டிலிருந்து. 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி சீனாவுக்குப் போனது. அடியில் பிரிட்டன் என்றிருக்கிறதா, சீனா என்றிருக்கிறதா என்பதே காலத்தைச் சொல்லிவிடும்.

ஏர்ஃபிக்ஸ் செய்த 14எக்ஸ்எக்ஸ் டேங்க் எஞ்சினையும் பாருங்கள். கிரேட் வெஸ்டர்ன் கிளைப்பாதைகளில் ஓடிய சின்ன 0-4-2. ஏர்ஃபிக்ஸ் 1981-ல் நொடித்தது. அச்சுகள் பாலிடாய் வழியாக டாப்போல் நிறுவனத்துக்கு வந்தன. 1996-ல் டாப்போலிடமிருந்து ஹார்ன்பி பல அச்சுகளை வாங்கியது. அதே உருவம் இப்படிப் பல பெயர்களில் விற்றது. ஹார்ன்பி என்று எழுதிய பெட்டியில் ஏர்ஃபிக்ஸ் வடிவமைப்பாளர்களின் உழைப்பு உட்கார்ந்திருக்கிறது.

பாலிடாய் லெஸ்டர்ஷயரின் கோல்வில்லில் இருந்த பொம்மை நிறுவனம். ஆக்‌ஷன் மேன் பொம்மையை பிரிட்டனில் செய்தவர்கள். அவர்கள் 1976-ல் தொடங்கிய மெயின்லைன் எஞ்சின்களைச் செய்தது ஹாங்காங்கின் கேடர். அச்சுகளும் கேடரிடமே இருந்தன. கேடர் 1987-ல் அமெரிக்க பாக்மேனை வாங்கியது, 1989-ல் பிரிட்டனில் பாக்மேன் பிராஞ்ச்லைன் பிறந்தது. மெயின்லைனின் ஜே72 டேங்க் எஞ்சினும் 57எக்ஸ்எக்ஸ் பேனியர் டேங்க்கும் பாக்மேன் பெட்டியில் மறுபிறவி எடுத்தது அப்படித்தான்.

ஆகவே "யார் செய்தது" என்ற கேள்விக்கு ஒரு பெயர் மட்டும் போதாத எஞ்சின்கள் நிறைய. அச்சு யாருடையது, வார்த்தது யார், விற்றது யார் என்று மூன்றையும் பிரித்து எழுதுவதுதான் நியாயம்.

பெயரில்லாத கைகள்

எந்தப் பட்டியலிலும் இல்லாத எஞ்சினும் சிக்கும். உலோகம், ஆனால் காந்தம் ஒட்டாது. ஓரங்களில் பற்றவைத்த ஈயம் தெரியும், பெயின்டில் தூரிகைத் தடம் இருக்கும். ஒயிட் மெட்டல் கிட் அது. கேஸ், வில்ஸ், டிஜேஎச் போன்றவர்கள் பாகங்களாக விற்க, வாங்கியவர் வீட்டில் சேர்த்தது. வில்ஸ் கிட்டுகளில் பல, கடையில் வாங்கிய ட்ரையாங் அல்லது டப்லோ சட்டத்தின் மேல் உட்காரும்படி செய்யப்பட்டவை. அடியில் ட்ரையாங் என்று படித்துவிட்டு ட்ரையாங் எஞ்சின் என்று முடிவு கட்டினால் தவறாகும். சட்டம் ஒருவர், உடல் இன்னொருவர். கவிழ்த்துப் பார்த்த பிறகு நிமிர்த்தியும் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக்கிலும் இது உண்டு. நார்தாம்ப்டன்ஷயரின் ரவுண்ட்ஸ் ஊரில் ரோஸ்பட் டால்ஸ் என்ற பொம்மை நிறுவனம் 1959 முதல் சில ஆண்டுகள் கிட்மாஸ்டர் என்ற பெயரில் மோட்டார் இல்லாத எஞ்சின் கிட்டுகள் செய்தது. அந்த அச்சுகள் ஏர்ஃபிக்ஸுக்கும் பிறகு டாப்போலுக்கும் போயின. அவற்றை வாங்கி, உள்ளே மோட்டார் வைத்து ஓட்டியவர்கள் அநேகம் பேர். அப்படிப்பட்ட எஞ்சினில் கிட் செய்தவர் பெயரோடு, கட்டியவர் பெயர் தெரிந்தால் அதையும் குறித்துவைப்பேன். ஒரு மனிதரின் கைத்திறன் அது. சேகரிப்புச் சந்தையில் அதற்கு விலை குறைவாக இருக்கலாம், என் கணக்கில் மதிப்பு குறைவில்லை.

முதுமையும் சாட்சி சொல்லும்

பொருள் கெட்டுப்போகும் விதமும் ஒரு தடயம். போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளுக்குள் வீங்கி, விரிசல் விட்டு, நொறுங்கும். டப்லோவின் முதல் சில ஆண்டுத் தயாரிப்புகளில் இதைப் பார்க்கலாம். ரோவெக்ஸ், தொடக்ககால ட்ரையாங் பிளாஸ்டிக்கோ செல்லுலோஸ் அசிடேட். அது சுருங்கி, நெளிந்து, எஞ்சின் முதுகு வளைந்துவிடும். நேராக இருந்திருந்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் அந்த வளைவே 1950களின் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு பேட் ஹாமண்ட் ரோவெக்ஸ் வரலாறு பற்றி எழுதிய மூன்று தொகுதிகளும், மைக்கேல் ஃபாஸ்டர் ஹார்ன்பி டப்லோ பற்றி எழுதிய புத்தகமும் இருக்கின்றன. ராம்சேயின் பிரிட்டிஷ் மாடல் ரயில் கையேடு பட்டியல் எண்களுக்கு நல்ல துணை. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரோ உங்கள் சம்பந்தியோ பழைய ரயில் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தால், அவசரப்பட்டுக் கழுவாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், பெட்டியில் ஒட்டிய சீட்டைக் கிழிக்காதீர்கள், மின்சாரம் கொடுத்தும் பார்க்காதீர்கள். முதலில் கவிழ்த்துப் படம் எடுங்கள், அளந்து எழுதுங்கள், யாருடையது என்று தேடுங்கள். கண்டுபிடித்ததை ஒரு சின்னத் தாளில் பென்சிலால் எழுதி எஞ்சினோடு பெட்டிக்குள் வையுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு அந்தத் தாள் பெரிய உதவியாக இருக்கும்.